கிட்டடியில் மாறிய விமான நிலையம்

ரயிலில் போய்ச் சேரலாம் என்பதற்காகத்தான் கென்சிங்டனில் வீடு எடுத்தேன். எசெண்டன் ரயில் நிலையத்துக்கு நான்கு நிறுத்தங்கள், அங்கிருந்து டிராம், டிராம் நிற்கும் இடத்தில் விமான நிலையம். மெல்போர்னுக்கு வந்த முதல் நாள் நான் இதே வழியைத் தலைகீழாகப் பின்பற்றித்தான் நகரத்துக்குள் போனேன். நேரங்களை அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். இரண்டு வருடம் கழித்து, எழுபதாம் ஆண்டுக் குளிர்காலத்தில், என் மனைவி வரும் நாள் நிச்சயமானபோது அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் தயாராக இருந்தது.

திருமணமாகி ஐந்து மாதத்தில் நான் மதுரையை விட்டுக் கிளம்பியிருந்தேன். அதன் பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் தபாலில்தான் நடந்தது. என்னைவிட என் கடிதங்களைத்தான் அவளுக்கு அதிகம் பழக்கம். ஆகவே கடிதத்தில் எழுதியது எழுதியபடி நடந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நான் எப்படிப்பட்டவன் என்பதை அவள் முடிவு செய்ய வேறு சாட்சி கிடையாது.

கடைசிக் கடிதத்தில் பதினான்கு குறிப்புகள் எழுதி, எண் போட்டு அனுப்பினேன். நான்காவது: வெளியே வந்ததும் கடிகாரத்தைத் தேடு, நான் அதன் கீழே நிற்பேன். ஐந்தாவது: யார் கூப்பிட்டாலும் போகாதே. ஒன்பதாவது: அங்கிருந்து ரயிலில் வீட்டுக்குப் போவோம், உனக்கு ஜன்னலோர இடம்.

மெல்போர்னுக்கு எனக்கு மாற்றல் அவள் வரும்போதுதான். அதுவரை கிழக்கே நூறு மைல் தள்ளி, ஒரு நிலக்கரி மின் நிலையக் கட்டுமானத்தில் பொறியாளராக இருந்தேன். அங்கே செய்தித்தாளில் கிரிக்கெட் பக்கத்தை மட்டும் படிப்பேன். மெல்போர்னில் எனக்குத் தெரிந்த ஒரே தமிழர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் இரண்டு வாரம் முன்னதாக, நான் தங்கியிருந்த விடுதிக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி வாற நாள் கிட்டுது, என்ன? ஏர்போட்டைக் கிட்டடியில மாத்திப்போட்டாங்கள், தெரியும்தானே?"

"அப்படியா சார். பரவாயில்ல, நடந்துக்கலாம்."

"நடந்தோ?"

"ஆமா சார், டிராம்ல இறங்கி நடந்துக்கலாம்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நீர் பெரிய பகிடிக்காரன். நான் காரைக் கொண்டு வரட்டே?"

"வேண்டாம் சார். ரயில்ல கூட்டிட்டுப் போறதா எழுதிட்டேன்."

"ரயிலிலயோ?" மறுபடியும் சிரித்தார். "சரி, உம்மடை விருப்பம். ஆறுதலாக் கூட்டிக்கொண்டு போம்."

ஆறுதலா என்றால் அவர்கள் பேச்சில் அவசரப்படாமல் என்று பொருள். முதல் தடவை கேட்டபோது, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கைகட்டி நின்றேன். அதன் பிறகு நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அவருடைய சொற்களை ஒவ்வொன்றாகப் பொருளோடு எழுதி வந்தேன். பகிடி என்றால் வேடிக்கை என்பது உட்பட, அன்றைக்கு அதில் முப்பத்தொரு சொற்கள் இருந்தன. கிட்டடி இல்லை. கிட்ட என்றால் பக்கம், அடி என்றால் அடி. சில அடி தூரத்தில் மாற்றியிருக்கிறார்கள். கேட்டவுடன் புரிந்துவிட்ட சொல்லை யார் எழுதி வைப்பார்கள்?

விமான நிறுவனத்துக்கும் போன் செய்தேன். பத்தேகாலுக்கு இறங்கும் என்றார்கள். நேரத்தை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தேன். இடத்தைக் கேட்கவில்லை. இடம்தான் எனக்குத் தெரியுமே.

அவள் வரும் நாளன்று காலை ஒன்பது இருபதுக்கு எசெண்டன் விமான நிலையத்தில் கடிகாரத்தின் கீழ் நின்றேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அதே கட்டடம், அதே கூட்டம், சிட்னி விமானத்துக்கு அறிவிப்பு, ஹோபார்ட் விமானத்துக்கு அறிவிப்பு. சில அடி மாற்றியது எங்கே என்று பார்த்துவிடலாமென்று கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். விமானக் கொட்டகை ஒன்றை எட்டிப் பார்த்தேன். அங்கிருந்தவர் எட்டிப் பார்ப்பவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். திரும்பி வந்து கடிகாரத்தின் கீழேயே நின்றேன்.

என் பக்கத்தில் ஒரு இத்தாலியர் வந்து நின்றார். வெரிபீயில் காய்கறிப் பண்ணை வைத்திருப்பவர். நல்ல கோட்டுதான், ஆனால் கைப்பகுதியில் காலிஃபிளவர் இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. மாமியாரை அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். சொன்ன விதத்தில் பெரிய உற்சாகம் இல்லை. பத்தேகால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. அவர் அமைதியாக இருந்தார். நான் விசாரணை முகப்புக்குப் போனேன்.

அங்கே இருந்த பெண் சொன்னாள்: "வெளிநாட்டு விமானங்களா? அவையெல்லாம் டல்லமரீனுக்குப் போய்விட்டனவே. உள்நாட்டு விமானங்கள்தான் இன்னும் இங்கே."

"நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் எட்டிப் பார்த்து என் ஷூவை ஆராய்ந்தாள். "நல்ல ஷூதான். இரண்டு மணி நேரம் போதும்."

"ரயில்?"

"ரயில் வரும்," என்றாள். "ஒரு நாள்."

இதை எழுதும் இந்த எழுபத்தொன்பதாம் ஆண்டு வரைக்கும் அந்த நாள் வரவில்லை.

நான் எந்த வாசலில் நுழையவில்லையோ அந்த வாசலில் அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்களாம். கடிகாரத்தின் கீழே நிற்பேன் என்று எழுதியவன் நான். அவள் இறங்கியிருப்பாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச வராது. ஐந்தாம் குறிப்பின்படி யாருடனும் போகவும் மாட்டாள். இரண்டு வருடம் நம்பிய கடிதம் முதல் அரைமணி நேரத்திலேயே பொய்யாகிக்கொண்டிருந்தது.

இத்தாலியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் லாரியில் ஏறச் சொன்னார். இருக்கை முழுவதும் காலிஃபிளவர் வாசனை. அவரைப் போல நிதானமாக வண்டி ஓட்டியவரை நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் வேகமாகப் போகலாமா?" என்று கேட்டேன்.

"உனக்கு யார் வருவது?"

"மனைவி."

"அதுதான். எனக்கு மாமியார்." சிறிது தூரம் போன பிறகு, "வெரிபீயிலிருந்து முன்னே நாற்பது நிமிடம். இனிமேல் ஐம்பது. பத்து நிமிடம் லாபம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேகத்தைக் கூட்டினார்.

வழியெல்லாம் புல்வெளி. இந்த இடமாற்றத்தால் யாருக்கு வசதி என்று யோசித்துப் பார்த்தேன். கார் வைத்திருப்பவர்களுக்குப் பாதகமில்லை. ரயிலை நம்பியவர்களுக்கு வழியே இல்லை. வடக்கே கிரெய்கிபர்ன் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகளுக்கு மட்டும் விமான நிலையம் உண்மையிலேயே பக்கத்தில் வந்துவிட்டது.

பதினொன்று பத்துக்கு உள்ளே ஓடினேன். அந்தப் புதுக் கட்டடத்திலும் கடிகாரம் இருந்தது. அதன் கீழே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள், பச்சைப் புடவை, மேலே ஸ்வெட்டர், கையில் மடித்த கடிதம். அவளுக்கு அருகே ஒரு காலி நாற்காலி. நாற்காலிக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்து நண்பர்.

நான் அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்திருந்ததை அவர் சொல்ல விடவில்லை.

"எங்கை ஐசே போனீர்?"

"எசெண்டனுக்கு சார்."

"அங்கை ஏன் போனீர்? கிட்டடியில மாத்திப்போட்டாங்கள் எண்டு நான் சொன்னனான்தானே?"

"இது கிட்ட இல்லையே சார். ஆறு மைல் வருது."

அவர் என்னைப் பார்த்தார். கணக்கில் தப்பு எங்கே என்று கண்டுபிடித்த முகம். "கிட்டடியில எண்டால் தூரமில்லை ஐசே, நாள். அண்மையில. போன மாசம்தான் மாத்தினவங்கள்."

அண்மையில் என்று நாமும்தான் எழுதுகிறோம். அண்மை என்றால் பக்கம் என்றும் நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் அண்மையில் வந்தவர் என்று யாராவது சொன்னால், பக்கத்து வீட்டுக்காரரா என்று நான் கேட்டதே இல்லை.

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, இவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ஆமா. நம்ம நண்பர்."

"என்னைப் பாத்து, நீங்க மனுசியான்னு கேட்டாருங்க. ரெண்டு நாள் ஏரோப்ளேன்ல உக்காந்து வந்த மூஞ்சிக்கு அப்படித்தான் கேக்கத் தோணும்னு பேசாம இருந்துட்டேன்."

நண்பர் பதறிப்போனார். "ஐயோ தங்கச்சி, எஞ்சினியற்றை மனிசியோ எண்டு கேட்டனான். மனிசி எண்டால் பெண்சாதி."

"அப்புறம் அந்த நாற்காலியைக் கொண்டாந்து வச்சுட்டு, இருங்கோ இருங்கோன்னு சொல்லிட்டே இருந்தாரு. நானும் இருக்கேன் இருக்கேன்னு நின்னுட்டே இருந்தேன்."

இருங்கோ என்றால் உட்காருங்கள். அது என் பட்டியலில் இரண்டாவது சொல். பட்டியலை அவளுக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நான் வேண்டாமென்று சொல்லியும் அவர் அன்று வந்தது எதனால் என்று கேட்டேன். "ரயிலில கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னீர். பகிடி எண்டுதான் நினைச்சனான். காலமை எழும்பினால் ஒரு யோசினை, ஒருவேளை பகிடி இல்லையோ எண்டு."

அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். காரின் கதவைத் திறந்தபோது என் மனைவி ஏறாமல் நின்றாள்.

"ரயில் எங்கங்க?"

"இஞ்சை ரயில் இல்லை தங்கச்சி," என்றார் நண்பர்.

அவள் கடிதத்தைப் பிரித்து, ஒன்பதாவது குறிப்பின் மேல் விரலை வைத்து, என்னிடம் காட்டினாள். கோபமாகக் காட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். ஏதோ அலுவலகத்தில் ரசீதைக் காட்டுவது போலச் சாதாரணமாகக் காட்டினாள். நான்காவது ஏற்கெனவே தவறிவிட்டது. ஒன்பதாவதும் தவறினால், மீதிப் பன்னிரண்டு இருந்து என்ன பயன்?

நான் நண்பரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "சரி, ஏறுங்கோ," என்றார். "எசெண்டன் ஸ்டேசன் வழியிலதானே கிடக்கு."

எசெண்டன் ரயில் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டு, பெட்டிகளோடு அவர் காரில் போனார். நாங்கள் ரயில் ஏறினோம். ஜன்னலோர இடம் கிடைத்தது. மூனி பாண்ட்ஸ் தாண்டும்போது அவள் என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள். கடிதத்தை மடியில் வைத்து, குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, நடந்தவற்றுக்குச் சிறிய சரி போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கை விட்டுவிட்டாள். ஐந்துக்குப் பெரிதாகவே போட்டாள். ஒன்பதுக்குப் போட்ட பிறகு சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நாலுக்கு?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்," என்றாள்.

கென்சிங்டன் நிலையத்தில் இறங்கினோம். நண்பர் எங்களுக்கு முன்பே வந்து, இரண்டு பக்கமும் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, நடைமேடைக் கடிகாரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தார்.

என் மனைவி அங்கேயே நின்று, கடிதத்தை என் முதுகில் வைத்து, நான்காவது குறிப்புக்குச் சரி போட்டாள்.

"போட்டது இவருக்குங்க," என்றாள். "உங்களுக்கு இல்ல."