எட்டாவது கோப்பை

பேசாலையில் பிறந்த மக்டலீன் 1986இல் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். மேற்குப் பக்கம் கடந்து, அகதி முகாம்களில் நாலு வருடம் இழுபட்டு, கடைசியில் கொலோனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னேரக் கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பது அவளுடைய பொறுப்பு.

மூன்றாம் மாடியில் ஹெர் வில்க் என்ற கிழவர் இருந்தார். வயது எண்பத்தைந்து, எழும்பி நடக்க மாட்டார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கிழக்கே ஒரு புதிய நாட்டைப் பிரகடனம் செய்த ஏழு தலைவர்களில் அவரும் ஒருவர் என்று சொன்னார்கள். அந்த நாடு போரோடு சேர்ந்து அழிந்தது. மற்ற ஆறு பேரும் எப்போதோ செத்துவிட்டார்கள். ஆனால் 1994 இலையுதிர் காலத்தில் அவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

நாலு மணிக்கு அவருடைய கட்டிலைச் சுற்றி ஆறு கதிரைகள் போடவேண்டும். ஏழு கோப்பை ஊற்றவேண்டும். நீதி அமைச்சர், போக்குவரத்து அமைச்சர் என்று பதவி சொல்லி ஒவ்வொருவரையும் அவர் வரவேற்பார்.

"அந்த மனுசனுக்கு வயசு போய் அறளை பெயர்ந்துபோச்சு, அக்கா. கேக்கிறதைக் குடுத்துப்போட்டு வாங்கோ," என்றாள் கூட வேலை செய்த டெல்சி.

மக்டலீனும் அப்படித்தான் செய்தாள். அரை மணி கழித்து ஆறிப்போன கோப்பியை எடுத்துவந்து கொட்டுவாள். ஒருநாள் அந்த வெறுங்கதிரைகளுக்கு நடுவே குனிந்து ஊற்றும்போது, யாருடைய முழங்கையிலும் பட்டுவிடாமல் தான் உடம்பை ஒடுக்கிக்கொள்வதைக் கவனித்தாள். அதன்பிறகு அந்த அறைக்குள் போகவே கால் வரவில்லை.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவர் எட்டுக் கோப்பை கேட்டார்.

"எட்டாவது யாருக்கு?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"நாடு பிறந்த அன்றைக்குக் கோப்பி கொண்டுவந்தவளுக்கு. உனக்குப் பின்னால்தானே நிற்கிறாள்."

மக்டலீன் திரும்பவில்லை. ஹெர் வில்க் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லையை எங்கே போடுவது, எந்த ஊர்ச் சனத்தை வெளியேற்றுவது என்று பேசினோம். அவள் ஊற்றிக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டாள். வெளியே சொல்லிவிடுவாளோ என்று எங்களுக்குப் பயம். நாடு பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் போட்ட முதல் கையெழுத்தே அவளைச் சுடச் சொல்லித்தான்."

"அவளுடைய பெயர் என்ன?"

"யாரும் கேட்கவில்லை."

கோப்பி தட்டில் சிந்தியது. மக்டலீனுக்கு இருபது வயதிருக்கும்போது, பேசாலை வீட்டில் இயக்கப் பெடியள் ஐந்து பேர் வரைபடத்தை விரித்துவைத்துப் புது நாட்டைப் பற்றிப் பேசினார்கள். தேத்தண்ணி கொண்டுபோனவள் அவள்தான். போகும்போது அவர்களில் ஒருவன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டான்: "பிள்ளை வாய் காக்குமோ?"

"ஓம் தம்பி," என்று அம்மா சிரித்தாள். அடுத்த மாதமே அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை. அகதி அன்ட்ராக் விண்ணப்பத்தில், வந்த காரணம் ஷெல் அடி என்றுதான் மக்டலீன் எழுதினாள். அதுவும் பொய்யில்லை.

எட்டாவது கோப்பையை ஊற்றி, வாசலோரத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அரை மணி கழித்துப் போனபோது ஹெர் வில்க் நித்திரையாயிருந்தார். ஏழு கோப்பைகள் ததும்பி நின்றன. எட்டாவதில் அடியில் மண்டி மட்டும் இருந்தது. அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர் இறந்தார். அறையை ஒதுக்கும்போது மேசை லாச்சிக்குள் ஒரு படம் கிடைத்தது. ஏழு ஆண்கள் மேசையைச் சுற்றி இருந்தார்கள். ஓரத்தில் கோப்பிச் சாடியைப் பிடித்த ஒரு பெண்ணின் கை. முகம் படத்துக்குள் வரவில்லை. பின்பக்கம் ஏழு பெயர்கள் எழுதியிருந்தன.

மாதமொருமுறை தமிழ்ப் பூசைக்கு வரும் குருவானவரிடம் மக்டலீன் போனாள்.

"செத்துப்போன ஒருத்திக்காக மன்றாட வேணும், ஃபாதர்."

"பேர் சொல்லுங்கோ."

"மக்டலீன்," என்றாள்.

இறந்தோர் வரிசையில் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது டெல்சி திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். மக்டலீன் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

அன்று பின்னேரமே அம்மாவுக்குக் கடிதம் எழுதி, தன்னை ஏன் அனுப்பினாள் என்று ஒன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டாள். பதில் ஏப்ரலில் வந்தது. சுகம் விசாரித்து, கோயில் திருநாள் பற்றி எழுதி, அடியில் நெருக்கிய எழுத்தில் அம்மா முடித்திருந்தாள்:

"வாய் காக்குமோ எண்டு கேட்டவன் அடுத்த நாளும் வந்தவன், பிள்ளை. உன்ரை முழுப் பேரையும் கேட்டுத் தாளிலை எழுதிக்கொண்டு போனவன்."