ஏர் ஃபில்டருக்கு எண்ணெய்க் குளியல்

திவே காட் என்கிற மலைப்பாதையில் ஏறும்போது ஏசியை நிறுத்துகிறவன் நான்தான். இது உங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். ஹடப்சரைத் தாண்டி சாஸ்வட் போகும் சாலை மலைமேல் வளையத் தொடங்கியதும் நம் சின்னக் காருக்கு மூச்சு வாங்கும். ஏசி தின்னும் பலம் மிச்சமாகட்டும் என்று நான் பட்டனுக்குக் கையை நீட்டுவேன். பின்சீட்டிலிருந்து அக்காவும் தம்பியுமாக நீங்கள் "அப்பாஆ..." என்று இழுப்பீர்கள். கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை உள்ளே வரும். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அம்மா குமட்டலோடு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்வாள். சாஸ்வட்டில் பெரியம்மா கையில் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நிற்பார். தன் தங்கை எந்தக் கோலத்தில் காரைவிட்டு இறங்குவாள் என்று அவருக்கு அத்துப்படி.

போன வருடம் மழைக்காலம் முடிந்த சமயம் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இனி காட்ல ஏசியை அமத்துனா நான் வரமாட்டேன். தீபாவளிக்கு நீங்க மூணு பேரும் அக்கா வூட்டுக்குப் போயிட்டு வாங்க."

இந்த ஊரில் அவளுக்கென்று இருக்கும் ஒரே சொந்தம் உங்கள் பெரியம்மாதான். தீபாவளிக்கு அம்மா இல்லாமல் போய் நின்றால் பெரியம்மா என்னைச் சும்மா விடமாட்டார்.

அந்த நேரம் பார்த்து, தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷின்காரர் ஒரு யோசனை சொன்னார். கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெளியே விற்கும் ஸ்பெஷல் ஃபில்டரை மாட்டினால் வண்டிக்கு இழுவை கூடுமாம். கசார்வாடியில் கடையும் காட்டினார். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்றில் தூசு போகாமல் தடுப்பது ஃபில்டர். நம் காரில் இருந்தது மடிப்பு மடிப்பான காகிதம். கடைக்காரர் காட்டியது கம்பிவலைக்குள் பருத்தித்துணி வைத்து, சிவப்பு எண்ணெய் பூசியது. காற்று தாராளமாகப் போகுமாம், அதனால் பலம் கூடுமாம். அட்டைப்பெட்டியில் ஒரு கார் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டேன்.

மாட்டி, வீட்டு வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். ஊம்ம்ம் என்று ஒரு உறுமல்.

"அப்பா, புலி மாதிரி இருக்கு!" என்று தம்பி குதித்தான்.

அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புலியா? நம்ம மிக்சில கல்லு மாட்டின மாதிரி இருக்குது."

சத்தம் உண்மை. அதில் ஏமாற்று இல்லை. ஆனால் பலம்? அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நாம் மூவரும் காட் ரோட்டுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிறு பழைய ஃபில்டரோடு, மறு ஞாயிறு புதியதோடு. அக்கா போனில் நேரம் பார்த்தாள். புதியதோடு ஏறும்போது கார் பாய்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மேலே போனதும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அரே அப்பா, ரெண்டும் சேம்தான். புதுசு கொஞ்சம் லேட்கூட."

"எதிர்க்காத்து அடிச்சுது கண்ணு."

"ஒரு இலைகூட ஆடலையே."

காது கேட்ட உறுமலைப் பலம் என்று மனசு நம்பிவிட்டது, அவ்வளவுதான். ஏசி போட்டும் பார்த்தேன். பழையபடியே மூச்சு வாங்கியது. இதை நாம் மூவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. ஃபில்டர் பழகப் பழகச் சரியாகும் என்று நானாக ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன். "இந்தத் தடவை ஏசியை அமத்தமாட்டேன்" என்று அம்மாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன். அவளும் கிளம்பச் சம்மதித்தாள்.

காட் ரோட்டில் வேலை நடந்த தூசியில் ஃபில்டர் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. கழுவி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஷாம்பு போட்டுக் கழுவிப் பால்கனியில் காயவைத்தேன். தீபாவளிக் காலையில், ஃபில்டரோடு கூடவே வந்த எண்ணெய் பாட்டிலைத் தேடினால் காலி. தம்பி தன் சைக்கிள் செயினுக்கு ஊற்றியிருந்தான். நாள்கிழமை, எந்தக் கடை திறந்திருக்கும்? அடுப்பில் எல்லோர் தலைக்கும் காய்ச்சிய நல்லெண்ணெய் வெதுவெதுப்பாக மிச்சம் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று ஃபில்டரை அதில் முக்கி எடுத்தேன்.

"அப்படியே சீயக்காயும் தேய்ச்சு விடுங்க, பாவம், அதுக்கும் தீபாவளிதானே" என்றாள் அம்மா.

புதுச்சட்டையோடு கிளம்பினோம். ஹடப்சர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. காட் அடிவாரத்தில் கார் விக்க ஆரம்பித்தது. இரண்டு விக்கல், ஒரு குலுக்கல், அப்படியே நின்றுவிட்டது. எஞ்சின் மூடியைத் திறந்ததும் தாளித்த வாசனை. ஃபில்டர் எண்ணெயில் ஊறி, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருந்தது. சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள்ளும் வடிந்திருந்தது.

"அப்பா, முறுக்கு சுடலாம்போல" என்றாள் அக்கா.

அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

நல்லவேளை, நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அம்மா பழைய இரும்புக்கடை என்று கேலி செய்யும் நம் டிக்கியில் அந்தக் காகித ஃபில்டர் இருந்தது. குழாயைத் துணியால் துடைத்து அதை மாட்டினேன். கொஞ்சம் முனகிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆனால் என் கை முழங்கைவரை எண்ணெய். எவ்வளவு துடைத்தும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் வழுக்கியது.

"இறங்குங்க" என்றாள் அம்மா.

"காட் ரோடு. நீ இதுவரைக்கும் ஓட்டினதில்லையே?"

"தினமும் ஹடப்சர் டிராஃபிக்ல ஓட்டுறேன். அதைவிடவா? தள்ளி உக்காருங்க."

அவள் இரண்டாவது கியரைப் போட்டாள், போட்டதுதான், மாற்றவேயில்லை. எஞ்சின் கத்தியது. நான் எப்போதும் மூன்றாவதில் வைத்துத் தம் கட்டி ஏற்றுகிறவன். எஞ்சின் கத்தினால் பெட்ரோல் வீண் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

"மூணாவது போடு."

"பேசாம வாங்க."

என் கை தானாக ஏசி பட்டனுக்குப் போனது. அதன்மேல் ஓர் அடி விழுந்தது.

"வாக்குக் கொடுத்தது யாருங்க?"

கார் ஏறியது. ஏசியோடு, அதே காகித ஃபில்டரோடு, ஒரு லாரியைக்கூட முந்திக்கொண்டு ஏறியது. எஞ்சினுக்கு வேண்டிய காற்று எப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எஞ்சினைச் சுற்றவிடாமல் மூன்றாவது கியரில் அமுக்கி வைத்திருந்தவன் நான். பந்தயக்காரர்களின் வண்டிக்கு அந்தச் சிவப்பு ஃபில்டர் எப்படியோ, எனக்குத் தெரியாது. நம் வண்டிக்கு அது கொடுத்தது புலிச்சத்தம் மட்டும்தான்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து வளைவை எதிர்பார்த்துத் திருப்புகிறவளுக்குக் குமட்டலே வரவில்லை. அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சாஸ்வட்டில் பெரியம்மா வழக்கம்போல எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அம்மா சிரித்துக்கொண்டு இறங்கியதும் திகைத்துப் போனார்.

"என்ன கண்ணு, ஒண்ணுமே ஆகலையா? அப்ப இந்தப் பழம்?"

அடுத்த பக்கக் கதவைப் பிடித்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாக இறங்கி, பழத்துக்கு நான் கையை நீட்டினேன்.