புடவைப் பெட்டியிலிருந்து ஒரு ஏர் டிரையர்

சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில் ஒரு மேதை இருக்கிறார். வீட்டிலேயே பட்டறை வைத்து, தறிக்கு வேண்டிய இரும்புச் சட்டங்களைச் செய்து பெயிண்ட் அடிக்கிறார்.

பெயிண்ட் பீய்ச்சும் கம்ப்ரசரின் காற்றோடு தண்ணீரும் வந்து பெயிண்ட் கொப்பளிக்கிறதாம். காற்றை உலர்த்தத் தானே ஒரு டிரையர் செய்துவிட்டதாகச் சொல்லி, இன்று காலை என்னைக் கூட்டிப் போனார்.

பார்த்தேன். சுவரில் குடிதண்ணீர் ஃபில்டரின் பிளாஸ்டிக் குடுவை. அது நிறைய, பட்டுப்புடவைப் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சப் போடுகிற குட்டி ஜெல் பாக்கெட்டுகள்.

"பட்டுப் பொடவையையே ஈரம் அண்டாம பாத்துக்குது, காத்தைக் காய வெக்காதாபா?" என்றார்.

"இது குழாய்த் தண்ணிக்குச் செஞ்சதுபா. கம்ப்ரசர் காத்துல வெடிச்சா துண்டு துண்டா கத்தி மாதிரி பறக்கும். இரும்பு பைப்பை சுவத்துல ஏத்தி எறக்கு, காத்து ஆறி ஈரம் தண்ணியா எறங்கட்டும். அடியில வால்வு வெச்சு தண்ணியைத் தொறந்து வுடு" என்றேன்.

"நீ எல்லாத்துக்கும் பயந்துக்கினே இருப்ப" என்று சிரித்தார்.

அந்தக் குடுவைக்கு நேர் கீழே அவர் மனைவி உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சரி, ஓட்டிக் காட்டு" என்றேன்.

பயமறியாத மேதை வாசலுக்குப் போனார். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, ஒட்டடைக் கொம்பை நீட்டி கம்ப்ரசர் சுவிட்சைத் தட்டப் பார்த்தார்.

அந்த அம்மா கொம்பைப் பார்த்தார். தலைக்கு மேலே குடுவையைப் பார்த்தார். எழுந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"கொம்புதான் கையில இருக்குதில்ல, ஒட்டடையாவது அடிங்க."

உங்கள் தெரு மேதைகளைப் பற்றியும் எழுதுங்கள். கொம்பு எத்தனை அடி நீளம் என்பதை மறக்காமல் குறிப்பிடவும்.