சிவப்புத் தொப்பிக்காரர் தேடிய பெயர்

அந்த மனிதர் என்னைத்தான் பின்தொடர்கிறார் என்பது இரண்டாவது சனிக்கிழமையே எனக்கு விளங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அது வென்றால்தான் கொழும்பில் மச்சான் வீட்டில் ஒதுங்கியிருந்த மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கனடாவுக்குக் கூப்பிடலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் தெரியாது, தமிழிலும் அதிகம் பேசமாட்டேன். தொழிற்சாலையில் கூட வேலைசெய்த நண்பர்தான், "வேலையும் பேஸ்மெண்டுமாக் கிடந்தா விசர் பிடிக்கும் அண்ணை, வாங்கோ" என்று ஸ்காபரோவில் ஒரு நடைக் குழுவுக்கு இழுத்துப்போனார். இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைதோறும் இருபது பேர் ஆற்றங்கரைக் காட்டுக்குள் மூன்று மணி நேரம் நடப்பார்கள். ஓர் இடத்துக்கும் போய்ச் சேராமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் வயதான வெள்ளைக்காரர். சிவப்புத் தொப்பி, கழுத்தில் விசில். நான் மெதுவாக நடப்பவன். அவர் எப்போதும் எனக்கு நேர் பின்னால். சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தால் அவரும் நின்று மேப்பிள் மரத்தைப் பார்ப்பார். முன்னால் போகச்சொல்லிக் கைகாட்டினேன். சிரித்தாரே தவிர நகரவில்லை. எங்கே குடியிருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். அஜின்கோர்ட் என்று பொய் சொன்னேன்.

"இமிகிரேஷன் ஆளோ தெரியாது" என்றேன் நண்பரிடம்.

"உங்களைப் பிடிக்க உந்தக் கிழவனையோ அனுப்புவாங்கள்?"

மூன்றாவது சனிக்கிழமை அதே மனிதர் ஒரு தாளை நீட்டினார். "போகேக்கை பேர் எழுதி, வரேக்கை பக்கத்திலை சரி போடவேணுமாம். வேறை குழுவிலை ஆரோ துலைஞ்சு போச்சினமாம்" என்றார் நண்பர். நான் நம்பவில்லை. ஆங்கிலத்தில் என் கைக்குப் பழகிய பெயர்கள் இரண்டுதான். ஒன்று என்னுடையது. மற்றது மச்சானுடையது, மனைவிக்குப் போகும் கடித உறையில் வாராவாரம் எழுதுவது. மச்சான் பெயரை எழுதினேன்.

நடை முடிந்ததும் தாளின் பக்கமே போகாமல் நண்பரின் காரில் ஏறி இருந்துகொண்டேன். பாதிக் கார்கள் போய்விட்டன. நண்பர் ஓடிவந்தார்.

"ஒராள் வரேல்லையாம் அண்ணை. எங்கடை ஆள் போலை. அந்தத் தொப்பிக்கார மனுசன் சொல்லுது, தான்தானாம் கடைசி ஆள், தனக்குப் பின்னாலை ஒருத்தரையும் விடக்கூடாதாம். அதுதான் தன்ரை வேலையாம். இப்ப தேடித் திரும்பக் காட்டுக்கை போயிட்டுது. ஆள் கிடைக்காட்டிப் பொலிசைக் கூப்பிடப் போயினம்."

"ஆர் வரேல்லையாம்?"

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மரங்களுக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. பிறகு மச்சானின் பெயர், இரண்டாக உடைந்து, நீட்டி நீட்டி.

சொன்னால், பொய்ப்பெயர் எழுதியவன். சொல்லாவிட்டால் பொலிஸ் வரும். இரண்டிலும் என் வழக்குத்தான் போகும் என்று தோன்றியது. அதற்குள் குரல் இன்னும் தூரமாகப் போயிருந்தது. வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது நான்தான்" என்றேன்.

"என்ன?"

"மச்சான்ரை பேரை எழுதிப்போட்டன்."

"உங்களுக்கு விசரே அண்ணை! உங்களைத் தேடி அந்தாள் ஆத்துக்கை விழப்போகுது, நீங்கள் காருக்கை இருக்கிறியள்!"

ஓடினோம். ஆற்றுச் சரிவில் கிழவர் முழங்கால்வரை சேற்றோடு நின்றார். நண்பர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிழவர் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் மாதிரித் தெரியவில்லை. ஆனால் என்ன என்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னனீர்?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"பதட்டத்திலை பேர் மாறிப்போச்செண்டன். பேசாமல் வாங்கோ."

கிழவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளையும் பேனையையும் எடுத்தார். மச்சானை வெட்டி, என் பெயரை எழுதி, பக்கத்தில் சரி போட்டேன். கொடுக்கும் முன் தாளைத் தூக்கி, அடியில் நகல் விழக் கார்பன் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.