காரியம் முடியாமல் சாப்பிட்ட ஆட்டுக்கறி

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அடுப்பில் கறியோ மீனோ ஏறாது. காரியம் முடிந்த பிறகு உறவுக்காரர்கள் கூடிக் கறி ஆக்கிச் சாப்பிடுவார்கள். அத்தோடு துக்கம் கழிந்தது என்று அர்த்தம். என் அக்கா விஷயத்தில் அந்தக் காரியம் நடக்கவே இல்லை. அவளுடைய உடம்பு கிடைக்கவில்லை.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அக்காவும் மச்சானும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மழை விடாமல் பெய்த ஒரு விடியற்காலையில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடுகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. அக்காவின் வீடும் அதில் ஒன்று. மச்சான் அன்றைக்கு அங்கே இல்லை. வெலிமடையில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றப் போனவர், ரோடு அடைபட்டதால் திரும்ப முடியாமல் சந்தைக் கட்டடத்திலேயே படுத்திருந்தார். நான் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஆளுக்கொரு திசையிலிருந்து பாதி தூரம் நடந்தே போய்ச் சேர்ந்தோம். அந்த வீடுகள் இருந்த இடத்தில் சிவப்பு மண் கிடந்தது. மேல்மலையிலிருந்த தேயிலைச் செடிகள் சில, வேரோடும் மண்ணோடும் இறங்கி வந்து, நட்டு வைத்ததுபோல அங்கே நின்றன. அடுத்த வாரம் கொழுந்து பறிக்கலாம் என்று தோன்றும்படி பச்சையாக இருந்தன.

மண் வாரும் பெக்கோ மெஷின் வந்து தோண்டியது. மற்ற வீட்டுக்காரர்களை எடுத்தார்கள். அக்காவை எடுக்க முடியவில்லை. மலையில் மறுபடியும் வெடிப்புக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மச்சான் மட்டும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் போனார். தடுத்தவர்களோடு சண்டை போட்டார். பிறகு சண்டை போடுவதையும் விட்டுவிட்டு, தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். மச்சான் ஒப்பவில்லை. புல்லை எரித்துவிட்டுப் பெண்டாட்டியை எரித்தேன் என்று நான் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் கறியில்லாத நாட்கள் நீண்டுகொண்டே போயின. வீடு போனவர்களைத் தங்கவைத்த முகாமில் கொடுத்த சாமான்களில் டின்மீன் இருந்தால் மச்சான் அதைப் பக்கத்துக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்.

பல மாதம் கழித்து, சாவைப் பதிந்துகொள்ள வரச்சொல்லிப் பதுளையில் உள்ள அரசாங்க ஆபீஸான கச்சேரியில் கூப்பிட்டார்கள். மச்சானோடு நானும் போனேன். உள்ளே இருந்த அதிகாரி அம்மா நல்லவர். தமிழில் மெதுவாக எல்லாவற்றையும் விளக்கினார். மச்சான் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"இதுல போட்டா அவ செத்துட்டான்னு ஆயிருமாங்க?"

அந்த அம்மா ஆமாம் என்று தலையை அசைத்தார். மச்சான் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் கடைவீதிப் பக்கம் திரும்பினார். நான் பின்னாலேயே நடந்தேன். இந்தியன் சாப்பாட்டுக் கடையின் படியில் அவர் கால் வைத்தபோதுதான் எங்கே போகிறோம் என்று எனக்குப் புரிந்தது.

தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், பதுளைக்கு வந்தால் அக்கா அந்தக் கடையில் ஆட்டுக்கறி சாப்பிடாமல் திரும்ப மாட்டாள். சமையல்காரர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். கசகசா அரைத்து, சோம்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு வைப்பார். தோட்டத்தில் அக்கா அதே மாதிரி சோயாமீட்டில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு, ஆட்டுக்கறி என்று நினைத்துக்கொள் என்பாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் அது சோயாமீட்தான்.

பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தார். நரை விழுந்த மனிதர், அவரும் இந்தியாக்காரர்தான்.

"ரொம்ப நாளாச்சேண்ணே. அக்கா வரலையா?"

மச்சான் மேசையைப் பார்த்தபடி, "வெளிநாடு போயிருக்கு," என்றார்.

"அப்படியா? எப்ப வருவாங்க?"

"தெரியலங்க."

சோறும் இரண்டு ஆட்டுக்கறியும் சொன்னார். அந்த ஆள் உள்ளே போனதும் நான் தாங்காமல் கேட்டேன்.

"மச்சான், இன்னும் காரியம் முடியலையே?"

"அதான் இப்ப கையெழுத்துப் போட்டு முடிச்சுட்டு வந்தோமே. சாப்பிடு தம்பி," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

கறி வந்தது. கேட்காமலேயே ஒரு நல்லி எலும்பையும் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார் அந்த மனிதர். அக்கா எப்போதும் கேட்டு வாங்குவது அதுதான். தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சுவாள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மச்சான் அந்த எலும்பைக் கையில் எடுத்தார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், பிறகு கிண்ணத்திலேயே வைத்துவிட்டார். மற்றதையெல்லாம் தலை நிமிராமல் சாப்பிட்டார். வேலைக்குப் போக நேரமாகிவிட்ட ஆள் சாப்பிடுவதைப் போல.

நானும் சாப்பிட்டேன். முதல் வாய் இறங்காது என்று நினைத்திருந்தேன், இறங்கியது. கறி பஞ்சாக வெந்திருந்தது. காரம் காதுவரை ஏறியது. அவ்வளவு நாள் கழித்துச் சாப்பிட்டதாலோ என்னவோ, அதைவிட ருசியான கறியை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். என் அக்கா மண்ணுக்குள் கிடக்கிறாள் என்பது என் நாக்குக்குத் தெரியவில்லை.

மச்சான் வெகுநேரம் கை கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முகர்ந்து பார்த்தார், மறுபடி கழுவினார். பஸ்ஸில் வலது கையை உடம்பில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற பெண் கையில் அடிபட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். மச்சான் ஆமாம் என்றார்.

அந்த மாதமே அவர் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார். அங்கே நிலம் சமதரையாக இருக்கிறதாம். தீபாவளிக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. காரியமும் செய்யவில்லை, இனிச் செய்வார் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஒரு தடவை நான் தனியாகத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். மண்ணெல்லாம் மானாப்புல் இடுப்பளவுக்கு வளர்ந்துவிட்டது. வீடு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மச்சான் எப்போதாவது போன் எடுத்து என்னைக் கூப்பிடுவார். சுகம் விசாரிக்க மாட்டார். அங்கே மழையா என்று மட்டும் கேட்பார். ஆமாம் என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்.