லினக்ஸ் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அம்மாவுடையது. இளம்பிள்ளையில் தறி வைத்திருப்பவர்களுக்குச் சேலை டிசைன் வரைந்து கொடுப்பது அம்மாவின் தொழில். அந்த டிசைன் சாப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். இன்ஜினியரிங் படித்த அக்காவுக்கோ லினக்ஸ் வேண்டியிருந்தது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆன் செய்ததும் எது வேண்டுமென்று அதுவே கேட்கும் என்று ஒரு வாரமாக அம்மாவிடம் மன்றாடினாள்.

“என்ற டிசைன் ஒண்ணுகூடப் போகக்கூடாது சாமி,” என்று மட்டும் அம்மா சொன்னார்.

சனிக்கிழமை அக்கா எல்லா டிசைன்களையும் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்தாள். அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் தலையாட்டினார். மறுநாள் காலையில் அவசரமாக ஒரு மயில் பார்டரை வரைந்து முடித்துவிட்டுச் சமைக்கப் போனார். அக்கா விண்டோஸின் இடத்தைச் சுருக்கி லினக்ஸுக்குக் கொஞ்சம் ஒதுக்கினாள். பென்டிரைவைச் செருகி வேலையைத் தொடங்கினாள். நாலாவது படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தேன்.

திடீரென்று தூறல். காயப்போட்ட துணிகளை எடுக்க அக்கா மாடிக்கு ஓடினாள். திரையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவது. இன்னொன்று, டிஸ்க்கை ‘எரேஸ்’ செய்துவிட்டு நிறுவுவது. எரேஸ் எனக்குத் தெரிந்த வார்த்தை. ரப்பர் வைத்துச் சுத்தம் செய்வது. சுத்தம் நல்லதுதானே என்று அதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. அதற்கும் அழுத்தினேன்.

அக்கா திரும்பி வந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“விண்டோஸ் எங்க கண்ணு?” என்றார் அம்மா, ஈரக்கையோடு வந்து.

“தப்பா அழுத்திப்போட்டேம்மா. நாந்தான்,” என்றாள் அக்கா. நகலில் எல்லாம் இருந்தன, மயில் பார்டர் மட்டும் இல்லை.

அம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. “செரி, மறுக்கா போடு. இந்தவாட்டி இவ படிச்சுச் சொல்லட்டும், நீ அர்த்தம் சொல்லு. அப்புறம் இவளே அழுத்தட்டும்.”

முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். ஒவ்வொரு வரியையும் நான் உரக்கப் படித்தேன், அக்கா அர்த்தம் சொன்னாள், அழுத்தினேன். கடைசியில் திரையில் இரண்டு பெயர்களும் வரிசையாக நின்றன. அம்மா மயிலை முதலிலிருந்து வரைய மறுநாள் காலை முழுதும் ஆயிற்று.

கம்ப்யூட்டர் வேலையை நம்பி என்னிடம் கொடுத்தார்கள் என்று வகுப்பெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எரேஸை அழுத்தியது நான்தான் என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரியவே தெரியாது என்ற நிம்மதியோடு.