அண்ணனின் சனிக்கிழமைப் பரிசோதனை

தருமபுரியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். எண்பதுகளின் கடைசி. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காலையில் ஒன்றரை மைல் நடந்து ரோட்டுக்கு வந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்குவேன். கிளினிக்கின் பின்பக்கம் ஒரு சின்ன அறைதான் லேப். அந்த மாவட்டத்தில் எத்தனை பேருடைய சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்குவேன். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்குப் போனால் அவர் அன்றிலிருந்து சர்க்கரை நோயாளி. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் எழுதிக் கொடுப்பதை டாக்டர் மறுகேள்வி கேட்காமல் நம்புவார்.

என் அண்ணன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து, எலும்பும் தோலுமாக ஒருவனை அவனுடைய அறை நண்பர்கள் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுப் போனார்கள். பிரவுன் சுகர் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டோம். அம்மா அதை ஏதோ இனிப்பு என்று நினைத்துக்கொண்டு, "சக்கரை தின்னா இப்பிடியா ஆவாங்க?" என்று அழுதாள். அபினிலிருந்து வருவது என்று நான்தான் விளக்கினேன். அண்ணனை பெங்களூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். வாரம் ஒரு முறை சிறுநீரைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வாராவாரம் பெங்களூருக்கு யார் போவது? எங்கள் டாக்டரின் அக்கா மகன் வெளிநாட்டில் டாக்டராக இருந்தான். அவனிடம் சொல்லி இவர் ஒரு பெட்டி வரவழைத்தார். உள்ளே இரண்டு மூன்று சின்னக் குப்பிகள், வட்டம் வட்டமாக அச்சிட்ட அட்டைகள், ஒரு காகிதம். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். வட்டத்தில் ஒரு சொட்டு சிறுநீர், குப்பிகளிலிருந்து சொட்டுகள், குச்சியால் கலந்து அட்டையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பால் திரிந்ததைப் போலத் துணுக்குத் துணுக்காக நின்றால் உடம்பில் அபின் வகை எதுவும் இல்லை. திரியாமல் வெள்ளையாகவே இருந்தால் இருக்கிறது. கர்ப்பமா இல்லையா என்று பார்க்க நாங்கள் செய்துகொண்டிருந்த சிலைடு பரிசோதனையும் ஏறக்குறைய இதே மாதிரிதான் என்பதால் எனக்கு உடனே கைவந்துவிட்டது.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோம்மா" என்றார் டாக்டர். "சில இருமல் மருந்துல கோடீன் இருக்கும். அதுவும் அபின்ல இருந்து வர்றதுதான். அத குடிச்சிருந்தாலும் இது பாசிட்டிவ்னுதான் காட்டும். கேட்டுட்டுத்தான் எழுதணும்."

"சரிங்க சார்" என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அப்பாவும் அண்ணனும் வருவார்கள். கம்பவுண்டர் கழிவறை வாசலில் நின்று பார்த்துக்கொள்வார். வேறு யாருடையதையும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே. பாட்டில் என் கைக்கு வரும்போது சூடாக இருக்கும். நான் அட்டையை ஆட்டும் வரைக்கும் அப்பா வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். துணுக்குகள் வந்ததும் நான் கதவைத் திறந்து, "நெகடிவ்ப்பா" என்பேன். எழுந்து அண்ணனின் தோளைத் தட்டுவார். அப்புறம் இருவரும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள். நான் லேபில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச் சோற்றைச் சாப்பிடுவேன்.

முதல் சில வாரம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல உள்ளே ஒன்று புளிக்கத் தொடங்கியது.

சனிக்கிழமை மாலையில் நான் வீடு திரும்பினால் அம்மா வாசலுக்கே வந்து கேட்பாள்: "இன்னிக்கி அவன் முகம் எப்பிடி இருந்துச்சு? டாக்டரு என்ன சொன்னாரு?" எனக்குக் கால் வலிக்கிறதா, சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டாள். அண்ணனுக்குத் தினம் முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். அவன் சிரித்தால் வீடே சிரிக்கும். ஒருநாள் அவன் தானாக எழுந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினான் என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னார். படிப்பில் நான் முதல் மார்க் வாங்கியபோது அவர் யாரிடமும் சொல்லவில்லை. கடத்தூரிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "பையன் ஒரு நெலைக்கு வரட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் எந்தத் தப்பும் செய்யாதவள். அதனாலேயே என்னைப் பார்க்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. தப்புச் செய்துவிட்டு அதை நிறுத்தியவனுக்கு வாராவாரம் பாராட்டு. அந்தப் பாராட்டுச் சீட்டை எழுதிக் கொடுப்பதும் நான்தான். நெகடிவ் என்று எழுதும்போது பேனாவை அழுத்திப் பிடித்திருப்பேன். அடுத்த தாளிலும் அந்த எழுத்து பதிந்திருக்கும்.

பத்து வாரம் தொடர்ந்து நல்ல ரிசல்ட் வந்ததும் அப்பா அவனுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை ரோட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் பின்னாலிருந்து மணி அடித்து, "ஏறிக்க பாப்பா, வுட்டுட்டு வர்றேன்" என்றான்.

"நடந்தே பழகிருச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த வாரம்தான் அவனுக்கு இருமல் பிடித்தது. புதன்கிழமை காலை அம்மா, "ராத்திரி பூரா தூங்கல பாவம். வரும்போது நல்ல மருந்தா வாங்கியா" என்றாள். மாலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. லேபிளைப் படித்தேன். இரண்டாவது வரியில் கோடீன் பாஸ்பேட் என்று இருந்தது.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. இறங்கிப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். கண்டக்டர் விசில் ஊதும் வரைக்கும் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறந்துபோய்விட்டது என்றோ கவனிக்கவில்லை என்றோ இன்றைக்கு நான் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே ஒரு சனிக்கிழமை அந்தப் பெஞ்சிலிருந்து அப்பா எழுந்து அவன் தோளைத் தட்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் லேபிளைப் பார்த்தான். என்னையும் ஒரு முறை பார்த்தான். பாட்டிலை உள்ளே கொண்டுபோனான்.

சனிக்கிழமை அட்டையை எவ்வளவு ஆட்டியும் திரியவில்லை. வட்டம் முழுக்க வெள்ளையாகவே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இன்னொரு வட்டத்தில் தானே ஒரு முறை செய்து பார்த்தார். பிறகு அப்பாவையும் அண்ணனையும் உள்ளே அழைத்தார்.

"இந்த வாரம் வேற மருந்து ஏதாச்சும் சாப்ட்டியாப்பா? இருமல், சளி, வயித்துப்போக்கு, எதுக்காச்சும்?"

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "ஒண்ணும் சாப்புடலீங்க சார்" என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வூட்ல நீங்க எதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

என் பொய்யை விட அவனுடைய பொய்தான் எனக்கு வியப்பாக இருந்தது. முட்டாள், தன்னைக் காப்பாற்றும் ஒரே பதிலைச் சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்தேன். நான் மருந்து வாங்கி வந்ததே தெரியாத அப்பா, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பெங்களூர் ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்க்கும்படி டாக்டர் கடிதம் எழுதினார். நான் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, இனி அம்மா என்னிடம் வருவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையாகவே எதிர்பார்த்தேன். ஆனால், தான் வாங்கி வரச் சொன்ன இருமல் மருந்தும் அட்டையில் காட்டும் என்று அறியாத அவள், அண்ணனின் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எஞ்சாமி, மறுபடியும் ஊசி போடுவாங்களே" என்று அவன் முடியைக் கோதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் தோற்றாலும் அந்த மடி அவனுக்கே. நான் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அப்போதும் இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்ப அண்ணன் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். காலி கூடைகளைக் கொண்டுபோன என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பயப்படாத பாப்பா. அந்த மருந்த பத்தி நான் யாருகிட்டயும் சொல்லல. பாட்டில கெணத்துல போட்டுட்டேன். தெரிஞ்சா உன் வேலை போயிரும்."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்லுவேன்? அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பெங்களூர்ல சரக்கு கெடைக்காதப்ப அதத்தான் குடிப்போம். நீ கொண்டாந்து குடுத்தப்ப ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். அப்புறம் நெனச்சேன், எனக்கு உள்ள எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு இந்த வூட்ல தெரிஞ்சது நீ ஒருத்திதான்னு. பாவம் பாத்து வாங்கியாந்திருக்கன்னு." கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டான். "ரெண்டு நாள்ல மொத்த பாட்டிலும் குடிச்சிட்டேன். தப்பு என்னுதுதான்."

கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியே விட்டிருந்தால் நான் அவனுடைய கண்ணில் நல்லவளாகவே இருந்திருப்பேன். அந்த ஆசையும் வந்தது. ஆனால் அவன் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.

"பாவம் பாக்கல" என்றேன். "தெரிஞ்சேதான் குடுத்தேன். நீ மாட்டிக்கணும்னு குடுத்தேன்."

"எதுக்கு?"

"உன்னையே எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. என்னால முடியல."

அவன் என்னையே பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ எண்ணிப் பார்ப்பவன் மாதிரி நின்றான். பிறகு குனிந்து மறுபடி பறிக்கத் தொடங்கினான். "போ" என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் நானே அப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை. அப்பா, "அவன் கெட்டுப்போய் வந்தப்பக்கூட எனக்கு இப்பிடி இல்ல" என்றார்.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் சொன்னேன். அவர் அண்ணனை வரச் சொல்லிக் கேட்டார். "கோடீன் இருக்குன்னு தெரிஞ்சுதான் குடிச்சியா?"

"தெரியுங்க சார்."

"அப்போ ரிசல்ட்டு தப்பில்ல. பாசிட்டிவ்தான்" என்றார். "ஆனா நீயா தேடிப் போயி வாங்கல" என்று பெங்களூர்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். முதல் வாரத்திலிருந்து மறுபடி எண்ணலாம் என்றார். அண்ணனை அனுப்பிவிட்டு என்னிடம், "நீ வேலைக்கு வா. ஆனா இனி அந்தப் பெட்டிய தொடாத" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பரிசோதனையை அவரே தன் அறையில் செய்தார். அட்டையை ஆட்டும் சத்தம்கூட வராத லேபில் நான் யாருடைய ரத்தத்தையோ பார்த்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். நெகடிவ் என்று அவர் சொல்வதைக் கேட்கும்போது நிம்மதியும் வரும், பழைய எரிச்சலும் வரும். எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான்கு மாதம் அண்ணன் என்னிடம் பேசவில்லை. ஒரே வீட்டில் சாப்பிட்டோம், ஒரே வாசலில் போய் வந்தோம். ஒருநாள் காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "பல்லு வலி தாங்கல. டாக்டருகிட்ட கேட்டு, நான் சாப்புடக்கூடிய மாத்திரையா நீயே வாங்கியா" என்றான். வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். என் முன்னாலேயே போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தான்.

அதை அம்மா சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னாள். எப்படிப்பட்ட மனசு, தங்கச்சி அப்படிச் செய்தும் மன்னித்துவிட்டான் என்று எல்லாரும் மெச்சினார்கள். அதிலும் அவனுக்குத்தான் நல்ல பெயர். எனக்குச் சுருக்கென்றது. இந்த முறை சிரிப்பும் வந்தது.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகி கிருஷ்ணகிரிக்கு வந்தேன். அண்ணன் ஊரிலேயே மோட்டார் பம்பு ரிப்பேர் செய்யும் கடை வைத்தான். அதற்குப் பிறகு அவன் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை என்றுதான் நம்புகிறேன். பரிசோதனையை எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.